மனச்சாட்சி வாக்கு: 1969 குடியரசுத் தலைவர் தேர்தல், நாள்வழிக் குறிப்புகள்

1969 மே 3, சனி

குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் டெல்லியில் மாரடைப்பால் காலமானார். பதவியில் இருக்கும்போதே மறைந்த முதல் இந்தியக் குடியரசுத் தலைவர் அவரே. ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் இரண்டாண்டுதான் முடிந்திருந்தது. துணைத் தலைவர் வி.வி. கிரி அன்றே தற்காலிகப் பொறுப்பை ஏற்றார். இப்படிக் காலியாகும் இடத்தை ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தி நிரப்ப வேண்டும் என்கிறது அரசியலமைப்பு.

கிரி தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். பழைய சென்னை மாகாணத்தின் பெர்ஹாம்பூரில் பிறந்து, 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றவர். ராதாகிருஷ்ணனும் ஜாகிர் உசேனும் துணைத் தலைவர் பதவியிலிருந்தே குடியரசுத் தலைவரானார்கள். அந்த வழக்கப்படி அடுத்தது தம் முறை என்று கிரி எதிர்பார்த்ததில் தவறில்லை.

ஜூலை 12, சனி

பெங்களூரில் காங்கிரஸ் நாடாளுமன்றக் குழு கூடி வேட்பாளரைத் தேர்ந்தது. பிரதமர் இந்திரா காந்தி ஜகஜீவன் ராமின் பெயரைச் சொன்னார். காமராசர், எஸ்.கே. பாட்டீல், மொரார்ஜி தேசாய், ஒய்.பி. சவாண் ஆகிய நால்வரும் மக்களவைத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டியை விரும்பினார்கள். இந்திராவோடு நின்றவர் பக்ருதீன் அலி அகமது ஒருவர்தான். நாலுக்கு இரண்டு என்று ரெட்டி தேர்வானார்.

யார் குடியரசுத் தலைவரானால் என்ன என்று அன்று யாரும் நினைக்க முடியாது. 1967 தேர்தலில் காங்கிரஸ் பல மாநிலங்களை இழந்து, மக்களவையிலும் 283 இடங்களோடு மெலிந்திருந்தது. அடுத்த தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் போனால், யாரை ஆட்சி அமைக்க அழைப்பது என்று முடிவு செய்பவர் குடியரசுத் தலைவர். சிண்டிகேட் எனப்பட்ட மூத்த தலைவர்கள் தங்களவர் ஒருவரை அங்கே அமர்த்த நினைத்ததும், இந்திரா அதைத் தம் பதவிக்கே வைத்த குறியாகக் கண்டதும் இதனால்தான். முடிவு தெரிந்த கையோடு கிரி சுயேச்சையாகப் போட்டியிடுவதாக அறிவித்தார்.

ஜூலை 16 முதல் 20 வரை

ஜூலை 16இல் மொரார்ஜியிடமிருந்து நிதித் துறையைப் பிரதமர் எடுத்துக்கொண்டார். 19ஆம் தேதி 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம் வந்தது. அதில் கையெழுத்திட்டவர் கிரி. மறுநாளே பதவி விலகி வேட்பாளரானார். துணைத் தலைவரும் இல்லாத நிலையில், தலைமை நீதிபதி எம். ஹிதாயத்துல்லா குடியரசுத் தலைவரின் பணிகளை ஏற்றார். அதற்கு வழிசெய்யும் சட்டம் அந்த ஆண்டுதான் இயற்றப்பட்டிருந்தது. வங்கி நடவடிக்கை தேர்தலின் முகத்தையே மாற்றிவிட்டது. மேல்மட்டத் தலைவர்களின் பூசலாக இருந்தது, ஏழைகளின் பக்கம் யார் என்ற கேள்வியாகத் தெருவுக்கு வந்தது.

ஆகஸ்ட் முதல் பாதி

ரெட்டியின் வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்டிருந்தவர் இந்திரா காந்தி. ஆனாலும் ரெட்டிக்கு வாக்களிக்கும்படி கொறடா உத்தரவு பிறப்பிக்க மறுத்தார். சுதந்திரா கட்சியும் ஜனசங்கமும் முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தியிருந்தன. அவர்களின் இரண்டாம் விருப்ப வாக்கை ரெட்டிக்குக் கேட்டு, காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா அக்கட்சிகளின் தலைவர்களைச் சந்தித்தார். இந்திரா தரப்புக்கு அதுவே பிடியானது. வலதுசாரிகளோடு பேரம் பேசுகிறவர் கட்சிக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டு, ஜகஜீவன் ராமும் பக்ருதீன் அலி அகமதுவும் விருப்பப்படி வாக்களிக்கும் உரிமையைக் கோரிக் கடிதம் எழுதினார்கள். வாக்குப்பதிவு நெருங்கிய வேளையில், மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று பிரதமரே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்.

இந்த வேண்டுகோளை வெறும் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தந்திரமும் அதில் இருந்தது. ஆனால் இரகசிய வாக்குச்சீட்டு எதற்காக இருக்கிறதோ, அதன் பொருளை அது உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொன்னது. தான் முன்மொழிந்தவரையே தோற்கடிக்க அழைத்தது அறமா என்ற கேள்விக்கு மட்டும் நியாயமான பதில் கிடையாது. காங்கிரசில் பலர் அந்தக் காயத்தை மறக்கவில்லை.

தி.மு.க., இரு பொதுவுடைமைக் கட்சிகள், அகாலி தளம், முஸ்லிம் லீக் ஆகியவை கிரியின் பக்கம் நின்றன. தமிழ்நாட்டுக் காங்கிரசில் பெரும்பாலோர் காமராசரோடு இருக்க, சி. சுப்பிரமணியம் இந்திராவோடு நின்றார்.

ஆகஸ்ட் 16, சனி

டெல்லி நாடாளுமன்றத்திலும் மாநிலத் தலைநகரங்களிலும் வாக்குப்பதிவு நடந்தது. வேட்பாளர்கள் 15 பேர். வாக்குச்சீட்டில் சின்னம் இல்லை. பெயருக்கு நேரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். 1 இல்லாத சீட்டு செல்லாது. மற்ற எண்களை எழுதாமல் விடலாம்.

எல்லா வாக்குக்கும் ஒரே எடை கிடையாது. மாநில மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் வருவது ஓர் எம்.எல்.ஏ.யின் வாக்கு மதிப்பு. 1961 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு உறுப்பினருக்கு 144, உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 174. நாகாலாந்தில் அது ஒற்றை இலக்கம். எல்லா மாநில மதிப்பையும் கூட்டி எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்ததில் ஓர் எம்.பி.யின் வாக்கு 576 ஆனது.

ஆகஸ்ட் 20, புதன்

செல்லத்தக்க வாக்குகளின் மதிப்பு 8,36,337. வெற்றிக்குத் தேவை அதில் பாதியைத் தாண்டிய 4,18,169. முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. கிரி முன்னணியில் இருந்தும் 16,654 குறைந்தது. அதுவரை நடந்த நான்கு குடியரசுத் தலைவர் தேர்தல்களில் முதல் விருப்பத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. இரண்டாம் விருப்பம் என்ற விதி நூலில் மட்டும் இருந்தது.

இந்த முறை அது மேசைக்கு வந்தது. கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் 2 என்று யாருக்கு எழுதியிருக்கிறது என்று பார்த்து அவரவர் கட்டில் சேர்ப்பதுதான் முறை. சில வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட இல்லாததால் அவர்கள் உடனே போய்விட்டார்கள். சிறு வாக்குகளும் பிரிந்து, கடைசியாகத் தேஷ்முக்கின் சீட்டுகள் எஞ்சின. அவற்றில் பெரும்பகுதி எதிர்பார்த்தபடியே ரெட்டிக்குப் போயிற்று. எல்லாச் சுற்றுகளிலுமாக ரெட்டிக்குக் கூடியது 91,879; கிரிக்கு 18,562. அந்தச் சிறு கூடுதலே கிரிக்குப் போதுமானதாக இருந்தது. இறுதிக் கணக்கு: கிரி 4,20,077, ரெட்டி 4,05,427.

தேவையான எல்லையைக் கிரி தாண்டியது 1,908 மதிப்பில். நான்கு எம்.பி.க்களின் வாக்குக்கும் குறைவு அது. நாட்டின் மிகப் பெரிய கட்சி அதிகாரப்பூர்வமாக நிறுத்திய வேட்பாளர் ஒரு சுயேச்சையிடம் தோற்றார். பெங்களூரில் ஓர் அறைக்குள் நால்வர் எடுத்த முடிவை ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் தனித்தனியே திரைக்குப் பின் நின்று எடைபோட்டு மாற்ற முடிந்தது என்பதே இந்தத் தேர்தலின் பெருமை. அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கிரி பதவியேற்றார். வெற்றி அவருடையதாக இருந்தாலும் அதன் பலன் பிரதமருக்கே போய்ச் சேர்ந்தது. கட்சியின் மூத்த தலைவர்கள் இனித் தம்மை அசைக்க முடியாது என்பதை இந்திரா காந்தி அன்றே நாட்டுக்குக் காட்டிவிட்டார்.

நவம்பர் 12, புதன்

கட்டுப்பாட்டை மீறியதாக இந்திரா காந்தி காங்கிரசிலிருந்து நீக்கப்பட்டார். 84 ஆண்டுக் கட்சி இரண்டானது. மக்களவையில் பெரும்பான்மை இழந்த அவருடைய ஆட்சி, தி.மு.க.வும் இடதுசாரிகளும் தந்த ஆதரவில் நீடித்தது. காமராசர் பழைய காங்கிரசிலேயே இருந்துவிட்டார்.

1970

கிரியின் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ரெட்டியை இழிவுபடுத்தும் பெயரில்லாத துண்டறிக்கை எம்.பி.க்களிடையே பரப்பப்பட்டது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவர் தாமே நீதிமன்றத்துக்கு வந்து சாட்சியம் அளித்தார். மனுக்கள் தள்ளுபடியாயின. தீர்ப்பைவிட, நாட்டின் முதல் குடிமகன் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்ன அந்த முன்மாதிரி பெரிது.

1974

போட்டியாளர் பட்டியல் நீள்வதைத் தடுக்க விதிகள் இறுகின. முன்மொழிய 10 வாக்காளர், வழிமொழிய 10 வாக்காளர், 2,500 ரூபாய் வைப்புத்தொகை என்று சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு கிரியின் இடத்துக்குப் பக்ருதீன் அலி அகமது வந்தார். 1969இல் மனச்சாட்சியின் பெயரால் கடிதம் எழுதியவர்களில் ஒருவரான அவர்தான், 1975 ஜூன் 25 இரவு அவசரநிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். வாக்காளருக்குக் கிடைத்த சுதந்திரம் வெற்றி பெற்றவரின் நாற்காலிக்கு வந்து சேரவில்லை என்பது வேதனையான உண்மை. 1976இல் 42ஆவது திருத்தம், அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்று எழுத்திலேயே சேர்த்துவிட்டது.

1977 ஜூலை 21

பக்ருதீன் அலி அகமதுவும் பிப்ரவரியில் பதவியிலேயே இறந்திருந்தார். ஜனதா ஆட்சியில் நடந்த தேர்தலில் தாக்கலான 37 மனுக்களில் 36 தள்ளுபடியாக, நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவரை முன்மொழிந்து தோற்கடித்த இந்திரா காந்தி அப்போது ஆட்சியிலும் இல்லை, நாடாளுமன்றத்திலும் இல்லை.