பாதி இருண்ட படம்

900 மெகாவாற் லக்விஜய அனல்மின் நிலையம் நிற்கும் நுரைச்சோலையிலும், ஸ்டூடியோ பிளாஷ் மின்னாதபோது புதிய படப்பிடிப்பாளர் முதலில் மின்சாரத்தையே சந்தேகிப்பது வேடிக்கைதான். எனினும் விளக்கிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது மின்னுமாயின், பழுதைக் கமராவின் கட்டளையை விளக்குக்குக் கொண்டுசெல்லும் ட்ரிகரிலேயே, பெரும்பாலும் சனல் எண் பொருந்தாமையிலோ பற்றரி தளர்ந்ததிலோ, தேட வேண்டும்.

விளக்கு மின்னியும் படத்தின் ஓரம் கரும்பட்டையாய் விழுவது வேறு கதை. ஷட்டர் இரு திரைகளால் ஆனது. அவற்றுக்கிடையே சென்சர் முழுவதும் ஒரேவேளை திறந்திருக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகத்தைச் ‘சிங்க் வேகம்’ என்பர். பல கமராக்களில் இது 1/200 அல்லது 1/250 செக்கன் என்பதால், 1/500க்கு உயர்த்தியவுடன் இரண்டாம் திரை முந்திக்கொண்டு நகர்ந்து ஒளியை மறைத்துவிடுகிறது. கண்ணுக்கு இது தெரியாமையால் பழி விளக்கின் மீதே விழுகிறது.

விளக்கு மின்னாதபோது, ட்ரிகரைப் பொருத்துமிடமாகிய, கல்பிட்டிக் கரையின் உப்புக்காற்று படியும் ஹொட் ஷூவை, அதாவது கமராவின் மேலுள்ள உலோகத் தொடுபுள்ளிகளை, உலர்துணியால் துடைத்துப் பார்ப்பதும் நன்று. விளக்கின் உடலை மட்டும் எவரும் திறக்கலாகாது. பிளக்கைக் கழற்றிய பின்னரும், மின்னேற்றத்தைச் சேமிக்கும் கொள்ளளவியில் உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கும்.