சூடம் அணைக்க மறுத்தவர்

கடன் வழக்குகளில் பெரும்பாலும் கதை இருப்பதில்லை. புரோநோட்டு, வட்டிக் கணக்கு, கையெழுத்து உன்னுடையதா இல்லையா என்ற கேள்வி, சில வாய்தாக்கள், பிறகு தீர்ப்பு. கட்டைக் கட்டிப் பரணில் போட்டால் மறந்துவிடும். ஆனால் இருபதாயிரம் ரூபாய்க்கு நடந்த ஒரு வழக்கை மட்டும் இன்றும் என் ஜூனியர்களுக்கு எடுத்துச் சொல்கிறேன்.

1990களின் பிற்பகுதியில் திருச்சி முன்சீப் கோர்ட்டில் நடந்தது. வாதி ஜீயபுரத்தில் எருமை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்த ஒரு பாட்டி. பிரதிவாதி அதே தெருக்காரர். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கருப்புச் சட்டைக்காரர். மகள் கல்யாணத்துக்காகப் பாட்டியிடம் நோட்டு எழுதிக் கொடுத்து இருபதாயிரம் வாங்கியிருந்தார். வட்டியோடு தீர்த்துவிட்டேன் என்றார் இவர். வட்டி வந்தது, அசல் வரவில்லை என்றார் பாட்டி. நோட்டு பாட்டியின் பெட்டியில் இருந்தது. நான் பிரதிவாதிக்கு ஆஜரானேன்.

நோட்டு எதிராளி கையில் இருக்கும்போது பணம் கட்டிவிட்டேன் என்று சொல்வது வக்கீலுக்குத் தலைவலி தரும் எதிர்வாதம். வாங்கியதை ஒப்புக்கொண்டவர்தான் தீர்த்ததையும் நிரூபிக்க வேண்டும். ஏன் நோட்டைத் திருப்பி வாங்கவில்லை என்று கேட்டேன்.

"பேரன்தான் வந்து பணத்தை எண்ணி வாங்கிட்டுப் போனான் தம்பி. பாட்டி பெட்டிச் சாவியை எங்கேயோ வச்சிருச்சு, நாளைக்கு நோட்டைத் தரேன்னான். நம்ம தெருப் புள்ளைதானேன்னு விட்டுட்டேன். என் நோட்டுப் புஸ்தகத்துல கையெழுத்து மட்டும் வாங்கி வச்சேன்."

விசாரணைக்கு முன்பு எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு சமரசம் கொண்டுவந்தார். "எங்க பாட்டி ஒண்ணே ஒண்ணுதான் கேட்குது. பங்குனியில பெருமாள் ஜீயபுரம் வர்ற அன்னைக்கு மண்டபத்து வாசல்ல சூடம் அணைச்சு, கொடுத்துட்டேன்னு சத்தியம் பண்ணட்டும். வழக்கை வாபஸ் வாங்கிக்கிறோம்."

அந்த வட்டாரத்துக்காரர்களுக்கு இதன் கனம் தெரியும். பங்குனித் தேர்த் திருவிழாவின் மூன்றாம் நாள் நம்பெருமாள் காவிரியைக் கடந்து ஜீயபுரம் ஆஸ்தான மண்டபத்துக்கு எழுந்தருள்வார். சவரம் செய்துகொள்ள ஆற்றங்கரைக்குப் போன பேரன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட, சோற்றை வைத்துக்கொண்டு காத்திருந்த பாட்டியிடம் அரங்கனே பேரன் வடிவில் வந்து உண்டுவிட்டுப் போனான் என்பது ஊர்க்கதை. அதனால் அன்று பெருமாளுக்குப் பழைய சோறும் கீரையும் மாவடுவும் அமுது செய்விக்கிறார்கள். அந்த வாசலில் நின்று பொய்ச்சத்தியம் செய்ய அங்கே எவரும் எளிதில் துணிய மாட்டார்கள். பாட்டி கேட்டது அவருடைய உலகத்தில் நியாயமான சோதனை.

சட்டத்துக்கும் இது புதிதல்ல. 1873ஆம் ஆண்டின் இந்திய சத்தியப் பிரமாணச் சட்டத்தில் இதற்கென்றே பிரிவுகள் இருந்தன. எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒரு தரப்பு சொல்லலாம். எதிராளி ஒப்புக்கொண்டு அப்படியே சத்தியம் செய்து சாட்சியம் சொன்னால் அந்த விஷயத்தில் அதுவே முடிவு. மறுப்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அவர் மறுத்ததையும் மறுத்த காரணத்தையும் நீதிமன்றம் குறித்து வைக்கும். சட்ட ஆணையம் 1965இல் தன் 28ஆவது அறிக்கையில் அந்தப் பழைய சட்டத்தை ஆராய்ந்தது. 1969இல் வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவுகள் இல்லை. கோர்ட்டுக்கு வெளியே சமரசம் செய்துகொள்ள மட்டும் தடை ஏதும் இல்லை.

கட்சிக்காரரிடம் வழியைச் சொன்னேன். என் நெற்றித் திருமண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவர் சொன்னார்: "இல்லாத சாமி மேல சத்தியம் பண்றது எனக்குச் சுலபம் தம்பி. எனக்கு அது வெறும் சூடம். அந்தம்மாவுக்கு அதுதான் சாமி. நான் நம்பாத ஒண்ணை அணைச்சு, நம்புறவங்களை நம்ப வச்சா, அதுக்குப் பேரு ஏமாத்து."

கொடுத்தது உண்மையாகவே இருந்தாலுமா என்று கேட்டேன். "உண்மையா இருந்தாலும்தான்" என்றார்.

ஊர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கொடுத்திருந்தால் அணைக்க வேண்டியதுதானே என்று டீக்கடையில் பேசினார்கள். சாமி இல்லை என்பவன் சூடத்துக்கு ஏன் பயப்படுகிறான் என்று கேலியும் செய்தார்கள். அவர் மனைவியே ஒருநாள் என் ஆபீசுக்கு வந்து, "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்னங்க" என்று அழுதார்.

விசாரணை தொடங்கியது. முதலில் பாட்டி கூண்டேறினார். சினிமாவில் வருவதுபோல நம் கோர்ட்டில் யாரும் பகவத் கீதையை நீட்டுவதில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் எந்த வேதநூலும் இல்லை. கடவுள் பெயரால் சத்தியம், அல்லது மனப்பூர்வமான உறுதி, இரண்டில் ஒன்று போதும். ஊழியர் வழக்கமான வாசகத்தைச் சொல்ல, பாட்டி அதைக் காதில் வாங்காமல், "எம் ரங்கன் மேல சத்தியமாச் சொல்றேன், அசல் பணம் என் கைக்கு வரலை" என்றார். ஊழியர் திருத்தப் போனார். நீதிபதி கையமர்த்தினார். சாட்சி தன் வகுப்பார் மதிக்கும் முறையில் சத்தியம் செய்ய விரும்பினால், அது நீதிக்கும் நாகரிகத்துக்கும் முரணாகாமல், மூன்றாம் மனிதரைப் பாதிக்காமல் இருந்தால், நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று ஆறாவது பிரிவிலேயே இருக்கிறது. நானும் ஆட்சேபிக்கவில்லை. பாட்டி பொய் சொல்கிறார் என்பது என் வழக்கும் அல்ல.

பிறகு என் கட்சிக்காரர். ஊழியர் "கடவுள் அறிய" என்று தொடங்கினார். இவர் வாய் திறக்கவில்லை. இரண்டாவது முறையும் அப்படியே. "சொல்லுய்யா" என்று ஊழியர் சிடுசிடுத்தபோது, "உறுதி சொல்றேங்க, கடவுள் பேர்ல சொல்ல மாட்டேன்" என்றார். ஐந்தாவது பிரிவைக் காட்ட நான் எழுந்தேன். அதற்குள் நீதிபதியே, "உறுதிமொழியாகப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி: "உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அப்படியானால் பொய் சொல்ல என்ன பயம்?"

கேள்வி அனுமதிக்கப்படவில்லை. ஆனால் வாதத்தில் அது வேறு உருவில் திரும்ப வந்தது. ஊரில் ஒருமுறை, கோர்ட்டில் ஒருமுறை கடவுள் பெயரைச் சொல்ல மறுத்தவரின் சாட்சியத்துக்கு வாதியின் சாட்சியத்துக்குரிய எடை இல்லை என்றார்கள்.

பதில் சொல்ல எனக்கு ஏராளமான சரக்கு இருந்தது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 51ஆவது பிரிவு, உறுதிமொழியையும் சத்தியம் என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியது. பொய்ச்சாட்சிக்கு அதன் 193ஆவது பிரிவு வைத்திருந்த ஏழாண்டு வரையிலான சிறை, சாமி கும்பிடுபவருக்கும் கும்பிடாதவருக்கும் ஒன்றுதான். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாவது பிரிவுப்படி, சத்தியம் விட்டுப்போனாலும் அதில் குறை இருந்தாலும் சாட்சியம் செல்லாமல் போகாது. எட்டாவது பிரிவு, சாட்சி சொல்லும் எவரும் உண்மை சொல்லக் கடமைப்பட்டவர் என்கிறது. அந்தக் கடமைக்கு நம்பிக்கை ஒரு நிபந்தனை அல்ல.

அரசியல் நிர்ணய சபையிலும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. குடியரசுத் தலைவரின் உறுதிமொழியில் கடவுள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்ற திருத்தத்தை 1948 டிசம்பரில் சபை ஏற்றது. கடவுள் பெயரில்லாத வழியையும் அப்படியே வைத்துக்கொண்டது. 1949 அக்டோபர் 17 அன்று எச். வி. காமத், முகவுரையையே கடவுள் பெயரால் தொடங்க வேண்டும் என்றார். நம்பிக்கை விஷயத்தில் இது கட்டாயமாகாதா என்று திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை கேட்டார். கடவுளை வாக்கெடுப்புக்கு விடும் சங்கடத்தில் எங்களைத் தள்ளாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்தவர்கள் எல்லோரும் நாத்திகர்கள் அல்லர். எல்லோர் பெயராலும் பேசும் வாசகத்தில் ஒருவரும் வெளியே நிற்கக் கூடாது என்பதே அதில் நான் காணும் கவலை.

உச்ச நீதிமன்றத்தின் பிஜோ இம்மானுவேல் தீர்ப்பையும் வைத்தேன். கேரளத்தில் ஒரு பள்ளியில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம். எம். தத்தும் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் பக்தியால் மௌனமாக இருந்தார்கள். என் கட்சிக்காரர் பகுத்தறிவால் மௌனமாக இருந்தார். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு தரும் மனச்சாட்சிச் சுதந்திரம் இருவருக்கும் பொது என்றேன்.

நீதிபதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஆனால் வழக்கைத் தீர்த்தது இவை எதுவும் இல்லை. அந்த நோட்டின் பின்பக்கம்தான்.

வாதித் தரப்பில் பேரன் இரண்டாவது சாட்சி. கடவுள் வாசகத்தை ஒரே மூச்சில், மனப்பாடச் செய்யுள்போல ஒப்பித்தான். அசல் வாங்கவே இல்லை என்றான். நான் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். காலாவதியாகாமல் இருக்க வட்டி வரவை நோட்டின் முதுகில் எழுதி, கட்டியவரின் கையெழுத்து வாங்கி வைப்பது வழக்கம். இந்த வரவுகளை எழுதியது யார்? "நான்தான்." வட்டியைக் கையில் வாங்கியது? "நான்தான். பாட்டிக்கு நடக்க முடியாது." ஒவ்வொரு முறையும்? "ஆமாம்." பிறகு என் கட்சிக்காரரின் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். அசல் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி, அடியில் கையெழுத்து. என்னுடையது இல்லை என்றான். சாட்சியச் சட்டத்தின் 73ஆவது பிரிவுப்படி, வாக்குமூலத்தில் அவன் போட்ட கையெழுத்தோடு நீதிபதி தாமே ஒப்பிட்டுப் பார்த்தார்.

வழக்கு செலவுத்தொகை இல்லாமல் தள்ளுபடியானது. பணம் வசூலிக்கப் பேரனை அனுப்பி, அவனிடம் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கையைப் பாட்டியே உண்டாக்கியிருக்கிறார். ஆகவே அவனிடம் கொடுத்தது அவரிடம் கொடுத்ததுதான் என்றார் நீதிபதி. ஒப்பந்தச் சட்டத்தின் 237ஆவது பிரிவுதான் அடிப்படை. கூடவே, பணம் தன் கைக்கு வரவில்லை என்று வாதி சொன்னது உண்மை என்றும் தீர்ப்பில் எழுதினார். அரங்கன் பெயரைச் சொன்னவரும் பொய் சொல்லவில்லை. சொல்ல மறுத்தவரும் பொய் சொல்லவில்லை.

தாழ்வாரத்தில் பாட்டி என்னை நிறுத்தினார். "நான் பொய்ச்சத்தியம் பண்ணலையே சாமி?" தீர்ப்பிலேயே அப்படி எழுதியிருக்கிறது என்றேன். தோற்ற வழக்கில் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டது அது ஒன்றைத்தான்.

அதன் பிறகு பொதுவாழ்வில் கடவுள் பெயர் சர்ச்சையாகும்போதெல்லாம் அந்த இருவரையும் வைத்துத்தான் யோசிக்கிறேன். 1967 மார்ச்சில் அண்ணா அமைச்சரவை உளமார உறுதிகூறிப் பதவியேற்றது. அதே நாற்காலிக்கு 2011இல் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று வந்த ஜெயலலிதா கடவுள் பெயரால் உறுதியெடுத்தார். இரண்டு பதவியேற்பும் ஒரே அளவு செல்லும். அண்ணா காலத்திலும் அரசு முத்திரையில் கோபுரம் அப்படியே நின்றது. 2006இல் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை வந்தபோது அதைச் சேதப்படுத்தினார்கள். ஆனாலும் சிலை அங்கே எழுந்தது. பெரியார் சிலைப் பீடங்களில் உள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை நீக்கச் சொன்ன மனுவை 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நம்புவதைச் சொல்ல ஒருவருக்கு இருக்கும் உரிமை, மறுப்பதைச் சொல்ல மற்றவருக்கும் உண்டு என்பதே அதன் சாரம்.

பள்ளிகளில் சொல்லும் நம் தேசிய உறுதிமொழியை 1962இல் தெலுங்கில் எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பா ராவ். அதில் கடவுள் இல்லை. சிங்கப்பூரின் உறுதிமொழியை 1966இல் எழுதிய எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாண மண்ணில் பிறந்தவர். இன, மொழி, மத வேறுபாடு பாராமல் ஒன்றுபடுவோம் என்று சொல்ல மட்டுமே அவர் மதத்தைக் குறிப்பிட்டார். அமெரிக்காவிலோ 1954இல் உறுதிமொழிக்குள் கடவுளைச் சேர்த்தார்கள். அதை எதிர்த்து வந்த ஒரு தகப்பனின் வழக்கை, வழக்குத் தொடரும் தகுதி அவருக்கு இல்லை என்று சொல்லி 2004இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடித்துக்கொண்டது. சேர்ப்பது எளிது, சேர்த்த பின் எடுப்பதும் விளக்குவதும்தான் கஷ்டம்.

நான் இன்றும் திருமண் இட்டுக்கொண்டுதான் கோர்ட்டுக்குப் போகிறேன். பெருமாள் பெயர் எனக்குப் பெரிது என்பதாலேயே, நம்பாதவர் வாயிலிருந்து அதைக் கட்டாயமாக வரவழைப்பதை நான் ஏற்கவில்லை. அப்படி வரும் பெயர் சாட்சியத்துக்கும் பலம் தராது, பெருமாளுக்கும் பெருமை தராது. பேரன் வாயில் அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

இப்போது தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, 193ஆவது பிரிவு 229 ஆகிவிட்டது. சத்தியப் பிரமாணச் சட்டம் இன்னும் அதே 1969ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஆனால் உறுதிமொழி என்ற வழி இருப்பதே பல சாட்சிகளுக்குத் தெரியாது. ஊழியர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆகவே ஜூனியர்களுக்கு ஒரு கட்டளை வைத்திருக்கிறேன்: சாட்சியைக் கூண்டேற்றுவதற்கு முன், எந்த முறையில் சொல்லப் போகிறார் என்று அவரிடமே கேளுங்கள். எந்த முறையானாலும், அவர் சொல்வதை ஆவணத்தோடு ஒத்துப் பாருங்கள்.