அஞ்சு கோட்டு அணில்

பின்கட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கும் கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டில் கயிறு பிரிந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும் என்று நினைத்து நினைத்தே மாதங்கள் ஓடிவிட்டன. போன தையில் ஒரு நாள் காலை, காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது அணில் ஒன்று அந்தக் கயிற்றுக்கு வந்தது. முன்கால் இரண்டாலும் நுனியைப் பிடித்துக்கொண்டு பல்லால் நாரை உருவியது. உருவிய நாரை இப்படியும் அப்படியும் திருப்பிச் சுருட்டி வாய்க்குள் திணித்தது. வாய் கொள்ளாமல் இரண்டு பக்கமும் மீசைபோல நார் நீட்டிக்கொண்டிருக்க, கொய்யா மரத்தில் ஏறி, ஓட்டுக்கூரையைத் தாண்டி, மாடத்து மூலைக்குப் போனது. திரும்பி வந்தது. அன்று காலை மட்டும் பதினேழு தடவை. எண்ணினேன். காப்பி ஆறிப்போயிற்று.

எனக்கு இப்போது வயது எழுபத்தாறு. அணில் ஒன்றை முழுசாக ஒரு காலைப்பொழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் முப்பத்து மூன்று வருஷம் தமிழாசிரியையாக இருந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் அணில் கதை சொன்னவள் நான்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சேதுவுக்கு வானரங்கள் மலையைப் பெயர்த்துக்கொண்டு வருகின்றன. அணில் நீரில் நனைந்து, மணலில் புரண்டு, ஒட்டிய மணலைக் கொண்டுபோய் அணையில் உதறுகிறது. ராமர் அதைக் கையில் எடுத்து மூன்று விரலால் முதுகைத் தடவிக்கொடுக்கிறார். விரல் பட்ட இடம் மூன்று கோடாகிறது. சின்ன உதவியும் உதவிதான் என்று முடித்து, பிள்ளைகளைக் கை தட்டச் சொல்வேன்.

1983-ஆம் வருஷம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அப்பா பட்டாளத்தில் இருந்தார். லீவு முடிந்து அப்போதுதான் டெல்லிக்குத் திரும்பியிருந்தார்.

“டீச்சர், டெல்லியில அணிலுக்கு அஞ்சு கோடு இருக்காம். எங்கப்பா பாத்திருக்காரு. அந்த அணில யாரு டீச்சர் தடவிக் குடுத்தது?”

வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே, உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த வருஷம் முழுக்க அவன் வேறு கேள்வி எதையும் என்னிடம் கேட்கவில்லை.

அவன் கேட்டதில் தப்பே இல்லை. நம் பக்கத்திலும் இலங்கையிலும் ஓடித் திரிவது மூன்று கோட்டு அணில். வடக்கே பெரும்பாலும் காண்பது இன்னொரு இனம். அதற்கு நடுமுதுகில் மூன்று, விலாவோரம் மங்கலாக இன்னும் இரண்டு, ஆக ஐந்து. பட்டாளத்துக்காரர் நின்று எண்ணிப் பார்த்திருக்கிறார். நான் வாசல் அணிலைக்கூட எண்ணியதில்லை.

இத்தனைக்கும் நான் படித்த தமிழ் எண்ணிப் பார்த்த தமிழ். தொல்காப்பியர் மரபியலில் எந்தெந்த உயிரின் இளமைக்கு எந்தெந்தப் பெயர் என்று வகுக்கிறார். குட்டி என்று சொல்லத் தக்கவற்றில் மூங்காவையும் வெருகையும் எலியையும் சேர்த்து, அணிலையும் வைக்கிறார். வைக்கும்போது வெறும் அணில் என்று விடாமல் ‘மூவரி அணில்’ என்கிறார். இலக்கணம் எழுதுகிறவருக்கு அந்த அடைமொழி அங்கே கட்டாயம் இல்லை. கண்ணால் பார்த்ததை விட மனம் வரவில்லை. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1766-இல் இதே அணிலுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது பனையைச் சேர்த்து வைத்தார். முதுகுக் கோடு நம் ஊர்க்காரருடைய அடையாளம்.

வால்மீகியில் இந்த அணில் கிடையாது. கம்பரிலும் இல்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் இருக்கிறது. நாற்பத்தைந்து பாட்டில் ஒரு பாட்டு. அதிலும் விரல் இல்லை, தடவல் இல்லை, கோடு இல்லை. அணில் குளிக்கிறது, புரள்கிறது, ஓடுகிறது, அதோடு சரி. அந்த அணிலுக்கு இருந்த கள்ளமில்லாத மனசுகூட எனக்கு இல்லாமல் போயிற்றே, மரம்போல நெஞ்சு இறுகிக் கிடக்கிறேனே என்று ஆழ்வார் தன்னையே நொந்துகொள்கிறார். திருவரங்கத்தில் நந்தவனம் வைத்து, பூப்பறித்து, மாலை கட்டியவர் அவர். நந்தவனத்தில் அணில் இல்லாமல் இருக்குமா? நனைந்த அணில் மண்ணில் புரள்வதைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பார்த்திருப்பார் என்றே நம்புகிறேன். பார்த்தவர் அதன் முன்னால் தன்னைக் குறைத்து வைத்தார். நான் அதை எடுத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் வாத்தியாராக்கி நிறுத்திவிட்டேன்.

சங்கப் பாட்டுக்குப் போனால் இன்னும் கூசுகிறது. பூதப் பாண்டியன் இறந்துபோகிறான். அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் போகிறாள், சான்றோர் தடுக்கிறார்கள். நெய்யில்லாத கைம்பெண் சோறு எனக்கு வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லும்போது, அந்த நெய்யின் வெண்மைக்கு வெள்ளரி விதையை உவமை சொல்கிறாள். அந்த வெள்ளரியின் தோலில் இருப்பது அணிலின் வரி. புறநானூற்றில் 246-ஆம் பாட்டு. எதிரில் ஈமத்தீ காத்திருக்கும்போதும் வெள்ளரிக்காயின் தோலும் அணிலின் முதுகும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. இந்தப் பாட்டை நடத்திய ஒவ்வொரு வருஷமும் கற்பு பற்றித்தான் பேசினேன். வெள்ளரிக்காயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

குறுந்தொகையில் 41-ஆம் பாட்டைப் பாடியவர் பெயரே நமக்குத் தெரியாது. பாட்டில் வரும் ஒரு சொல்லை வைத்து அணிலாடு முன்றிலார் என்கிறோம். தலைவன் அருகில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர்போல இருக்கிறதாம் தலைவிக்கு. அவன் பிரிந்தால், ஆட்கள் ஊரைவிட்டுப் போய், முற்றத்தில் அணில் விளையாடும் வீடுபோல ஆகிவிடுகிறாளாம். பாலை வழியோரத்துச் சின்ன ஊர் அது.

என் கணவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில், மகள் பெங்களூரில். காலையில் ஒரு போன், ராத்திரி ஒரு போன். முதல் இரண்டு வருஷம் இந்தப் பாட்டு என்னைப் போட்டு வாட்டிற்று. முற்றத்தில் அணில் இறங்கினாலே, ஆளில்லாத வீடு ஆகிவிட்டது என்று நெஞ்சு அடைக்கும். சூ என்று விரட்டியிருக்கிறேன். கயிற்று நாரை அது உருவிய அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் அது என் காலுக்கு இரண்டு முழத்தில் வந்து வேலை செய்தது. பாடினவரும் அப்படித்தானே எங்கோ சத்தம் காட்டாமல் இருந்து பார்த்திருக்க வேண்டும்? அணில் ஆடுவதைச் சொல்ல அங்கே ஒரு மனுஷர் இருந்தார். என் முற்றத்தில் நான் இருக்கிறேன்.

நாம் எல்லா உயிர் மேலும் எதையாவது ஏற்றித்தான் வைத்திருக்கிறோம். நரி என்றால் தந்திரம், கழுதை என்றால் மடமை. ஆந்தை கத்தினால் நமக்குச் சாவுச்செய்தி; கிரேக்கர்களுக்கு அது அறிவுத் தெய்வத்தின் பறவை; வங்காளத்தில் லட்சுமியின் வாகனம். வடதுருவத்தை ஒட்டிய ஸ்காண்டிநேவியப் பழங்கதையில் அணில் கோள்மூட்டி. உலக மரத்தின் உச்சியில் இருக்கும் கழுகுக்கும் வேரில் கிடக்கும் நாகத்துக்கும் இடையே ஓடி ஓடி வசவைக் கொண்டு சேர்க்கும். ஒரே பிராணி அங்கே கோள் சொல்லி, இங்கே தொண்டன். பஞ்சதந்திரத்துக் கீரிப்பிள்ளை மட்டும் எனக்கு வேறு மாதிரி. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்துவிட்டு ரத்த வாயோடு வாசலில் நிற்கிறது. குழந்தையைத்தான் கொன்றுவிட்டது என்று எண்ணிப் பெற்றவள் அதை அடித்துப் போடுகிறாள். உள்ளே போய்ப் பார்ப்பதற்குள் அவளுக்கு அவசரம்.

மே மாதம் மகள் வீட்டுப் பேரன் வந்திருந்தான். ஒன்பது வயது. ஒரு மத்தியானம் மாடத்துக் கூட்டிலிருந்து குட்டி ஒன்று தாழ்வாரத்தில் விழுந்துவிட்டது. மயிர் முளைக்காத சிவந்த உடம்பு, கண் திறக்கவில்லை, கட்டைவிரல் அளவுதான். “அம்மாச்சி, பால் குடு, நான் வளக்குறேன்” என்று அழுதான். மாட்டுப்பால் அதற்கு ஒத்துக்கொள்ளாது, அம்மாக்காரி பக்கத்தில்தான் இருப்பாள் என்று சொன்னேன். பழைய வேட்டித் துணியை ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் மடித்துப் போட்டு, குட்டியை வைத்து, வெயில் படாமல் மாடத்துக்குக் கீழே சுவரோரம் வைத்தோம். பூனை வராமல் பார்த்துக்கொண்டு இருவரும் உள்கட்டு ஜன்னலுக்குப் பின்னால் வாய் பேசாமல் உட்கார்ந்தோம்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஓட்டின் மேல் வாலைத் தூக்கித் தூக்கிக் கத்திக்கொண்டே இருந்தது தாய். பிறகு சுவர் வழியாகத் தலைகீழாக இறங்கியது, நின்றது, திரும்ப ஏறியது, மறுபடி இறங்கியது. பெட்டிக்குள் போய்க் குட்டியைப் புரட்டி, வயிற்றுப் பக்கம் வாயால் கவ்வியது. குட்டி அப்படியே சுருண்டு தாயின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. கண் திறக்காத குட்டிக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது! பேரன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். தாய் எங்கள் பக்கம் முதுகைக் காட்டி ஏறியபோது அவன் காதோடு சொன்னான்: “மூணு கோடு, அம்மாச்சி. எண்ணிட்டேன்.”

அவனுக்கு ராமர் கதையும் சொன்னேன். ஆழ்வார் பெயரையும் சொன்னேன். டெல்லிப் பக்கம் போனால் அங்கே எத்தனை கோடு என்று பார்த்து எனக்குப் போன் பண்ணு என்றும் சொன்னேன்.

கடைசி பெஞ்சுப் பையனுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். எந்த ஊரில் இருக்கிறானோ தெரியாது. இது அவன் கண்ணில் பட்டால் அவனுக்கு இந்த டீச்சர் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது: தம்பி, உங்கப்பா சொன்னது சரி. வடக்கே அணிலுக்கு அஞ்சு கோடுதான். அன்றைக்கு உன்னை உட்காரச் சொன்னது என் தப்பு.