வளைகிற உடம்புக்கு வலுவான சாப்பாடு வேண்டும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் நடனம் கற்கும் பெண் பிள்ளையோ பையனோ இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். இல்லாவிட்டாலும் படியுங்கள், யாருக்காவது சொல்ல உதவும்.

சில பிள்ளைகளுக்குக் கை கால் ரப்பர் போல வளையும். கட்டை விரலை மடக்கினால் முன்கையைத் தொடும். முழங்கை பின்பக்கமாக வளையும். முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கை முழுவதையும் தரையில் வைத்துவிடுவார்கள். நாம் கைதட்டுவோம். நடன வகுப்பில் அந்தப் பிள்ளையை முன்வரிசையில் நிறுத்துவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் 108 கரணங்களில் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. சிதம்பரம் கோபுரத்தில் 108-ம் உண்டு. சுற்றுலா போனபோது, "இப்படியெல்லாம் வளைய முடியுமா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள். சிலருக்கு முடியும். அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இதை மருத்துவத்தில் 'ஹைப்பர்மொபிலிட்டி' என்கிறார்கள். தமிழில் மூட்டு மிகை நெகிழ்வு என்று சொல்லலாம். எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் நாரைத்தான் லிகமெண்ட் என்கிறோம். அது கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நார் தளர்வாக அமைந்துவிடுகிறது. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கால்களும் சட்டமும் தேக்காகவே இருக்கட்டும், கயிறு தொய்ந்துவிட்டால் கட்டில் ஆடத்தானே செய்யும்? பலருக்கு இதனால் தொல்லையே வராது. சிலருக்கு அடிக்கடி கணுக்கால் பிசகும், மூட்டு வலிக்கும், சீக்கிரம் களைத்துப் போவார்கள். எழுந்து நின்றால் தலை சுற்றுவதும், வயிறு உப்புவதும்கூட சிலருக்கு உண்டு.

என் தங்கையின் பேத்திக்கு வயது 15. கள்ளக்குறிச்சியில் ஆறு வயதிலிருந்து பரதம் கற்கிறாள். ஒரே வருடத்தில் மூன்று முறை கணுக்கால் பிசகியது. ஒவ்வொரு முறையும் எண்ணெய் தேய்த்து, கட்டுப் போட்டு, மறுபடி சலங்கை கட்டி அனுப்பினார்கள். அரங்கேற்றத்துக்கு நாள் குறித்த பிறகு, "இடுப்பு கொஞ்சம் குறைந்தால் மேடையில் அழகாக இருக்கும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். யார் என்று எழுதப் போவதில்லை. சொன்னவருக்கு அது ஒரு வார்த்தை. பிள்ளையோ காலையில் வெறும் எலுமிச்சைச் சாறும் தேனும், இரவில் ஒரே ஒரு சப்பாத்தியும் என்று ஆரம்பித்துவிட்டாள். நான்கு மாதம் மாதவிலக்கு வரவில்லை. "ஆடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஒருநாள் அரைமண்டியில் அடவு செய்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள்.

மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் 9. பிறகு விரல், முழங்கை, முழங்கால், முதுகு என்று ஒவ்வொன்றாக வளைக்கச் சொன்னார். பெய்ட்டன் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, மொத்தம் 9 மதிப்பெண். இவள் 7 வாங்கினாள். அதிக மதிப்பெண் வாங்கி நான் வருத்தப்பட்ட தேர்வு இது ஒன்றுதான்! ஆனால் அந்த மதிப்பெண் மட்டுமே நோய் ஆகிவிடாது. அதோடு வலியும் பிசகலும் சேரும்போதுதான் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். தளர்ந்த லிகமெண்டைச் சாப்பாட்டால் இறுக்க முடியாது. "மூட்டை இறுக்கும் பவுடர்" என்று விற்பதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். (என் மாணவர்களிலேயே ஓரிருவர் விற்கிறீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்!) கொலாஜனைச் சாப்பிட்டாலும் வயிறு அதைச் செரித்து உடைத்துத்தான் உள்ளே அனுப்பும். அது நேராகக் கணுக்காலுக்குப் போய் உட்காராது.

அப்படியானால் சாப்பாடு எதற்கு? நார் செய்ய முடியாத வேலையைத் தசை செய்ய வேண்டியிருக்கிறது. மூட்டைச் சுற்றி இருக்கும் தசை வலுவாக இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். பட்டினி கிடந்தால் உடம்பு முதலில் கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் சேர்த்துக் கரைக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கே பட்டினி கெடுதல். வளைகிற பிள்ளைக்கு அது இரட்டைக் கெடுதல்.

ஒரு கணக்குப் போடுவோமா? நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். தினமும் கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.2 கிராமாவது வேண்டும். 45 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 54 கிராம். இரண்டு முட்டையில் 12, ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, பருப்புக் குழம்பில் 7, நாள் முழுதும் சாப்பிடும் சோறு, களி, இட்லியில் சுமார் 18. கூட்டினால் 60. பாஸ்! இதில் எந்த டப்பாவும் வரவில்லை பாருங்கள். முட்டை சாப்பிடாத வீடுகளில் தயிரையும் பருப்பையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எலும்பு. ஒருவருடைய எலும்பின் கனம் பெரும்பாலும் இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும். போதிய சாப்பாடு இல்லாமல் ஆடினால் மாதவிலக்கு நின்று, எலும்பும் மெலியும். விளையாட்டு மருத்துவர்கள் 2014-ல் இதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். ஆகவே மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டால் "ஆடுறவங்களுக்கு அப்படித்தான்" என்று விடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கருவாடாகும் நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் அதுவும் கால்சியம்தான். காலை வெயிலில் கொஞ்ச நேரம் நிற்கவும் விடுங்கள்.

பிறகு இரும்பு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரை, கொள்ளு, ஆட்டு ஈரல் எல்லாம் நல்லது. கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். அந்த வைட்டமின் சி கொலாஜன் உருவாகவும் தேவை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது கழியட்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிவதை நான் கண்ணால் பார்த்தவள். தயவுசெய்து விழுங்கச் சொல்லுங்கள்.

தலைசுற்றல் உள்ள பிள்ளைக்குத் தண்ணீர் குறையக்கூடாது. உப்பைக் கூட்டுவதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வயிறு உப்பினால் ஒரே வேளையில் நிறையப் போடாமல் சிறிது சிறிதாக ஐந்து வேளை கொடுங்கள்.

கல்வராயன் மலையில் நான் வேலை பார்த்த வருடங்களில் சாமைச் சோறும் தினையும் கேழ்வரகுக் களியும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். வெள்ளிமலைப் பக்கத்து மாணவி ஒருத்தி இப்போது தன் மகளைப் பள்ளிக் கலைத் திருவிழாவுக்கு ஆட அனுப்புகிறாள். போன மாதம் போனில், "டீச்சர், பாப்பாவுக்கும் கை காலு வளையுது. எங்க பாட்டி சாப்பிட்டதையே குடுத்தா போதுமா?" என்று கேட்டாள். நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாதும்மா என்றேன். மலைச் சாப்பாடு என்றாலே குறையில்லாதது என்று நான் பெருமை பேச மாட்டேன். களிக்குத் தொட்டுக்கொள்ள வெறும் மிளகாய்ச் சாறு மட்டும் இருந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். களியோடு பருப்பு, கீரை, முட்டை சேர வேண்டும். சத்துணவில் தரும் முட்டையை அவள் மகள் தோழிக்குக் கொடுத்துவிடுகிறாளாம். அதை முதலில் நிறுத்தச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் அரங்கேற்றத்தை ஒரு வருடம் தள்ளி வைத்தோம். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போயிற்று. "ஊருக்கெல்லாம் சொல்லியாச்சே" என்று தங்கை மருமகன் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிள்ளையோ என் மடியில் படுத்து அழுதாள். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைத் தினமும் செய்கிறாள். முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி நிற்கக்கூடாது, வளையும் எல்லை வரை வளைத்துக் காட்டக்கூடாது என்பது இப்போது அவளுக்குச் சட்டம். எட்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.8 ஆகியிருக்கிறது. மாதவிலக்கு திரும்பிவிட்டது. கணுக்கால் இன்னும் சில நாள் வலிக்கிறது, அது முழுவதும் போகுமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. ஆனால் இடையில் உட்காராமல் முழு வர்ணம் ஆடுகிறாள்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். வளர்கிற பிள்ளையின் இடுப்பைப் பற்றி யார் பேசினாலும், அது குருவாக இருந்தாலும் மாமியாக இருந்தாலும், அங்கேயே மரியாதையோடு நிறுத்துங்கள். உங்களில் யாராவது நடன ஆசிரியராக இருந்தால், வகுப்பு தொடங்குமுன் "என்னடா சாப்பிட்டே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொன்னால், ஒரு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் கொடுத்துவிட்டுப் பிறகு தட்டுக்கழியைக் கையில் எடுங்கள்.

எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்