நல்லாத்தானே இருக்காரு

என் அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். உனக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனையில் நர்ஸ் போஸ்டிங் கிடைத்திருப்பதாக அண்ணன் போனில் சொன்னார். மனசு நிறைந்துவிட்டது. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு என்பதையெல்லாம் காலேஜில் மனப்பாடமாக ஒப்பித்திருப்பாய். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்சுந்தை பக்கத்திலிருந்து வருகிற நம் ஜனங்கள் உன்னிடம் தினமும் ஒன்று கேட்பார்கள்: “நல்லாத்தானே இருக்காரு மிஸ்ஸி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?” அந்தக் கேள்விக்கு நீ அவசரப்பட்டுத் தலையாட்டிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பராகுவாட் குடித்தவர்கள் வார்டுக்கு வருவார்கள். செம்பனை மரத்தடியில் புல் கருக அப்போது அடித்த மருந்து. தோட்டத்து ஸ்டோரிலிருந்து சோடா போத்தலில் ஊற்றி வீட்டுக்கே வந்துவிடும். ஒரு பெரியவர் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறார். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “தே ஓ ஒன்னு கெடைக்குமா தங்கச்சி?” என்று கேட்டார். நாக்கின் ஓரம் வெந்திருந்தது. சட்டைக் காலரில் நீலப்பச்சையாக ஒரு கறை. மற்றபடி மூச்சும் ரத்த அழுத்தமும் சீராக இருந்தன. ஒரு ராத்திரி தங்கினால் போதாதா என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வாரம் முடிவதற்குள் அவருடைய சிறுநீரகம் நின்றுபோனது. பிறகு நுரையீரல் இறுகி, மூச்சுக்குத் தவித்துத்தான் போய்ச் சேர்ந்தார்.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆக்ஸிஜன் வைங்க சிஸ்டர்” என்று கெஞ்சினார். பராகுவாட் நுரையீரலில் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே கிடைக்கிற ஆக்ஸிஜனை வைத்துத்தான் திசுவை எரிக்கும். அதனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகவும் இறங்கினாலொழிய டாக்டர் கொடுக்கச் சொல்ல மாட்டார். இதுவே ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து என்றால் கதை நேர்மாறு. கண்மணி சுருங்கி, எச்சில் வடிந்து வருவார்கள். ஆக்ஸிஜனும் அட்ரோபினும் உடனே வேண்டும். ஆகவே போத்தலைக் கொண்டுவரச் சொல். போத்தல் இல்லையென்றால் லேபிளையாவது படம் எடுத்து அனுப்பச் சொல். பினாங்கு யுஎஸ்எம்மில் இருக்கிற தேசிய விஷ மையத்தை டாக்டர் கூப்பிடும்போது அவர்கள் முதலில் கேட்பது, என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைத்தான். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று யாரையும் தொண்டையில் விரல் விடவோ உப்புத் தண்ணீர் கொடுக்கவோ விடாதே. மேலே பட்டிருந்தால் துணியைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு சோப்பால் நன்றாகக் கழுவு.

பராகுவாட்டுக்கு 2002ல் தடை அறிவித்தார்கள். ஐரீன் பெர்னாண்டஸ் அம்மாவின் தெனகானித்தா அமைப்பு, தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களின் நகமும் தோலும் கண்ணும் என்ன ஆகின்றன என்று ஆய்வு செய்து வெளியிட்டதும் அந்த ஆண்டுதான். 2006ல் அதே மருந்தை மறுபடியும் அனுமதித்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. பழைய போத்தல் எந்த வீட்டு மூலையில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இப்போது புல்லுக்கு அடிக்கிறவற்றில் ஒன்று குளூஃபோசினேட். அதைக் குடித்தவரும் வந்த அன்று நன்றாகத்தான் பேசுவார். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, திடீரென்று வலிப்பு வரும், மூச்சு நிற்கும்.

வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் “தெரியாம குடிச்சிட்டாரு” என்பார்கள். முன்பெல்லாம் போலீஸுக்குப் பயந்தார்கள். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள். அதை அவர்கள் காதில் போடு. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, “சாகணும்னு தோணுச்சாண்ணே?” என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதே. வீட்டுக்குப் போகும் நாளில் 15555 எண்ணை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடு. ஹீல் லைன், சுகாதார அமைச்சினுடையது. வீட்டில் மிச்சமிருக்கிற மருந்தை யார் அப்புறப்படுத்துவார் என்று ஒருவரிடம் பேசி முடிவு செய்துவிட்டு அனுப்பு.

பெனடோல் அதிகமாகப் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளும் இப்படித்தான். முதல் நாள் லேசான குமட்டல், அவ்வளவுதான். ஈரல் கெடுவது பிறகுதான் தெரியும். மாற்று மருந்து இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றினால் ஏறக்குறைய எல்லாரையும் காப்பாற்றிவிடலாம். “முழிச்சுத்தானே இருக்கா” என்று காத்திருக்கிற நேரம்தான் பாழாகிறது. டெங்கியில் காய்ச்சல் விட்ட அன்றுதான் நீ கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சில்லிட்ட கைகால் என்று பார்த்தால் டாக்டரைக் கூப்பிடு, திட்டினாலும் பரவாயில்லை.

இனிப்புநீர்க்காரர்கள்தான் உனக்கு அதிகம் வருவார்கள். கிளிக்லாசைட் போட்டுவிட்டு, காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்து, மயங்கி வருவார்கள். டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் கண் திறந்து, செருப்பைத் தேடுவார்கள். ஏற்றிய சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துவிடும், மாத்திரை உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது இன்னும் நீளும். அன்று ராத்திரி முழுக்க விரலில் குத்திப் பார்க்க வேண்டியிருக்கும். எழுப்பினால் கோபிப்பார்கள், எழுப்பு.

நம் தாத்தா விஷயத்திலும் உனக்கு ஒரு வேலை இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்தது ஒரு பை, டவுன் கிளினிக்கில் வாங்கியது ஒரு பை என்று வைத்திருக்கிறார். போன வாரம் எட்டிப் பார்த்தேன். ஒன்றில் கிளிக்லாசைட், இன்னொன்றில் டயமிக்ரோன். இரண்டும் ஒரே மருந்துதான் என்று சொன்னால் என்னை நம்பமாட்டேன் என்கிறார். யூனிஃபார்மில் வந்து நீ சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை வா, இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஃபார்மசிக்குப் போவோம். அதுவரை அவரை வேளாவேளைக்குச் சாப்பிட வைக்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை