தார் முடியும் இடத்தில்

நேற்று பொழுது சாயும் நேரம். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசலுக்கு வண்டியில் வந்துகொண்டிருந்தேன். சித்தன்னவாசல் பிரிவைத் தாண்டியதும் எதிரே ஒரு பஸ், அதை முந்திக்கொண்டு ஒரு கார். ஒதுங்க ஓரத்துக்குப் போனால் தார் சட்டென்று முடிந்து, ஒரு சாண் கீழே சரளை மண். முன்சக்கரம் இறங்கிச் சறுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா என் தோளை இறுகப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. விழவில்லை, அவ்வளவுதான்.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் ரோடு உயரும், ஓரம் பள்ளமாகும். காருக்கு அது ஒரு குலுங்கல். இரண்டு சக்கரத்துக்கு அது உயிர். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

ஹெல்மெட் போடத்தான் வேண்டும், நானும் போடுகிறேன். ஆனால் பள்ளத்தை ஹெல்மெட் நிரப்பாது.

நம்ம பக்கத்து ஆட்கள் பிழைக்கப் போன மலேசியாவில், கோலாலம்பூர் – கிள்ளான் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டார்கள். நாம் அவ்வளவு கேட்கவில்லை. ஓரத்து மண்ணைத் தார் மட்டத்துக்கு ஏற்றிக் கெட்டியாக்குங்கள், வேகத்தடைக்கு வெள்ளை அடியுங்கள், வளைவுகளில் ஒளிரும் பட்டை வையுங்கள்.

வரும் திங்கள், கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் படங்களோடு மனு கொடுக்கிறேன். அன்னவாசல், இலுப்பூர்க்காரர்கள் கூட வாங்க.