ஒரு டாலர் வீடு

அமெரிக்காவில் வீடு தேடுகிறவர்கள் படங்களைப் பார்த்து முடித்ததும் கீழே போய்த் தேடுவது 'விலை வரலாறு' என்கிற சின்ன அட்டவணையைத்தான். எந்த வருஷம், எவ்வளவுக்குக் கைமாறியது என்று வரிசையாக இருக்கும். அகலமான லென்ஸ் போட்டு சமையலறையைப் பெரிதாகக் காட்டலாம், எண்ணை எப்படிப் பெரிதாக்குவது என்று நமக்கு ஒரு நம்பிக்கை.

நியூ ஜெர்சியில் நாங்கள் பார்த்த ஒரு வீட்டின் அட்டவணை இது. 1996: 1,72,000 டாலர். 2013: 1 டாலர். 2019: 1,85,000 டாலர். இப்போது கேட்பது 5,60,000.

என் மனைவி அங்கேயே கணக்கை முடித்துவிட்டாள். "ஏங்க, சில வருஷத்துல மூணு மடங்கா? நாலு லட்சத்துக்கு மேல ஒரு பைசா தரக்கூடாது."

டல்லாஸில் இருக்கும் மச்சினனிடம் போனில் சொன்னேன். "உங்க ஊர்லயாவது ஏதோ ஒரு நம்பர் தெரியுது அத்தான். இங்க அதுவும் இல்ல" என்றான். உண்மைதான். டெக்சாஸில் விற்ற விலையை அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. பத்திரத்தில் 'பத்து டாலரும் இதர மதிப்புள்ள கைமாற்றும்' என்று ஒரு சம்பிரதாய வரி எழுதி முடித்துவிடுவார்கள். பத்து டாலர் என்று பதிவாகியிருக்கும் மாளிகைகள் அங்கே எத்தனையோ.

நியூ ஜெர்சியில் அப்படி முடியாது. விற்பவர் கட்ட வேண்டிய கைமாற்றுக் கட்டணம் பத்திரத்தில் உள்ள தொகையை வைத்தே கணக்கிடப்படுகிறது, அதனால் தொகையை எழுதியே ஆக வேண்டும். 100 டாலருக்குக் குறைந்த கைமாற்று என்றால் அந்தக் கட்டணம் கிடையாது. குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் பத்திரங்களில் ஒரு டாலர் வந்து உட்கார்வது இதனால்தான். ஜில்லோ போன்ற தளங்களுக்குக் கவுண்ட்டி பதிவுகளிலிருந்து போய்ச் சேர்வது தேதியும் தொகையும். யார் யாருக்கு, ஏன் எழுதிக் கொடுத்தார் என்பது பத்திரத்திலேயே தங்கிவிடுகிறது.

கவுண்ட்டி கிளார்க் அலுவலகத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் பத்திரங்களை யாரும் படிக்கலாம். ஒரு ராத்திரி உட்கார்ந்து மூன்றையும் படித்தேன்.

1996-ல் ஒரு கணவனும் மனைவியும் வாங்கியிருக்கிறார்கள். அது நேரான கிரயம். 2013 பத்திரத்தில் கணவர் இறந்த தேதி ஒரு வரியாக வருகிறது. அந்த அம்மாள் தன் ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமையை வைத்துக்கொண்டு, மகனுக்கும் மகளுக்கும் சமபாகமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். நம் ஊரில் இதைத்தான் செட்டில்மெண்ட் என்போம். 2019-ல் அம்மாள் உயிரோடில்லை. மகள் தன் பாதிப் பங்கைத் தம்பிக்கு விற்கிறாள், 1,85,000 டாலருக்கு.

ஆக அந்தத் தொகை வீட்டின் விலை அல்ல, பாதி வீட்டின் விலை. முழு வீட்டுக்கு 3,70,000 என்று அக்காவும் தம்பியும் பேசி முடித்திருக்கிறார்கள். அதுவும் சந்தைக்கே வராத விலை. மூன்று மடங்கு என்கிற கணக்கு அங்கேயே கரைந்தது.

இப்படிக் குழப்பும் எண்கள் வேறு வகையிலும் உண்டு. கடன் கட்டாத வீட்டை ஷெரிஃப் ஏலத்தில் வங்கியே எடுத்தால், பதிவாகும் தொகைக்கும் சந்தைக்கும் சம்பந்தம் இருக்காது. ஒரு பில்டர் பத்து மனைகளை மொத்தமாக வாங்கியிருந்தால், மொத்தத் தொகையும் ஒவ்வொரு மனையின் பேரிலும் ஏறி நிற்கலாம். ஒரே விற்பனை, பத்திரம் முடிந்த நாளில் ஒரு தடவையும் பதிவான நாளில் ஒரு தடவையுமாக இரண்டு வரியாக வரலாம். வரி மதிப்பீட்டுத் தொகையோ, பல வருஷம் மறுமதிப்பீடு நடக்காத ஊர்களில் எங்கேயோ பின்தங்கிக் கிடக்கும். நியூ ஜெர்சி வரித்துறையே, மதிப்பீட்டைச் சந்தை விலையோடு ஒப்பிடும்போது குடும்பத்துக்குள் நடந்த விற்பனை, ஏலம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட வகைகளைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைக்கிறது. ஒட்டு உறவில்லாத இருவர், அவசரமில்லாமல், சந்தையில் பேசிய விலை மட்டுமே விலை.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ அந்த அக்காவுக்குப் பாதி கிடைச்சிருக்கு."

"ஆமா."

"எனக்கு ஒரு பட்டுப்புடவை கிடைச்சது."

திருச்சியில் அவள் அப்பா கட்டிய வீடு. அவர் போன பிறகு, ஒரு விடுமுறையில் போனபோது, தம்பி பேருக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அதைப் பற்றி அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசவில்லை. அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறவருக்கு 'விடுதலை' என்று ஒரு வரி தெரியும், பக்கத்தில் ஒரு தொகை தெரியும். இந்த ஊர் ஒரு டாலரும் அந்த வரியும் ஒரே ஜாதி.

பக்கத்துத் தெருக்களில் ஆறு மாதத்துக்குள் விற்ற மூன்று வீடுகளை வைத்துக்கொண்டு பேரம் பேசினோம். நாலு லட்சம் என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. 5,48,000-க்கு முடிந்தது. கூரை பழசு என்பதால், பத்திரச் செலவுக்கு 8,000 டாலரை விற்பவர் ஏற்றுக்கொண்டார். விலையைக் குறைக்கவில்லை, செலவில் கழித்துக் கொடுத்தார். எங்களுக்கு அடங்கியது 5,40,000. பத்திரத்தில் ஏறியது 5,48,000.

இன்று அந்த அட்டவணையில் நாலாவது வரியாக நாங்கள் இருக்கிறோம். என்றைக்காவது இந்த வீட்டை வாங்க வருகிறவர் அதைப் பார்த்து, மனைவியிடம் ஒரு கணக்குப் போட்டுச் சொல்வார். எட்டாயிரம் டாலர் கூரையும் பட்டுப்புடவையும் அந்தக் கணக்கில் இருக்காது.